ரயிலுக்கு முந்தைய கால் மணி

டிஸ்க்குக்கு லிமிட் வைப்பது எப்படி என்று யாராவது கேட்டால், முதலில் உங்கள் ஊர் ரயில் நேரத்தைப் பாருங்கள் என்று சொல்வேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்வதில்லை.

காக்களூர் எஸ்டேட்டில், ரப்பர் வாஷர் செய்யும் ஒரு பட்டறையின் மாடியில், நானும் என்னோடு கல்லூரியில் படித்த ஒருவனும் சேர்ந்து ஒரு சின்ன கம்பெனி நடத்தினோம். சுற்றிலும் இருக்கும் யூனிட்டுகளின் கணக்கு, பில், ஸ்டாக் எல்லாம் எங்கள் சர்வரில் ஓடும். ஒரு பெரிய சர்வரைக் கூறு போட்டு, ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி கம்ப்யூட்டர் மாதிரி கொடுப்பது. வி.எம். என்போம். அவர்கள் மேஜையில் திரையும் கீபோர்டும் இருக்கும், வேலை நடப்பது எங்கள் மாடியில். பிராசசரைப் பிரிக்கலாம், மெமரியைப் பிரிக்கலாம், அதிலெல்லாம் தகராறு இல்லை. டிஸ்க் மட்டும் பொதுச் சொத்து. எல்லா வி.எம்.மும் அதே டிஸ்க்குகளில்தான் எழுதவும் படிக்கவும் வேண்டும். ஒருவர் கை நீண்டால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆரம்பத்தில் நாங்கள் லிமிட் எதுவும் வைக்கவில்லை. பகலெல்லாம் சர்வர் தூங்கி வழியும். சாயங்காலம் ஒரு கால் மணி நேரம் மட்டும் போன் மேல் போன் வரும். சுத்துது, சுத்துது, நின்னுடுச்சு என்று ஒரே பேஜாரு. வைரஸா, வோல்டேஜா, வாடகைக்கு விட்டவர் வயரில் கை வைத்தாரா என்று எதையெல்லாமோ சந்தேகப்பட்டோம். விஷயம் எனக்கு விளங்கியது ரயிலில்.

நான் கடம்பத்தூர்க்காரி. சாயங்காலம் திருவள்ளூர் ஸ்டேஷனில் அரக்கோணம் லோக்கல் ஏறுவேன். சென்னையிலிருந்து வரும் வண்டிகளில் பாதி திருவள்ளூரோடு நின்றுவிடும். அரக்கோணம் வரை போவதை விட்டால் அடுத்ததற்குத் தவம் கிடக்க வேண்டும். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் என்னோடு ஏறுகிறவர்களில் பாதிப் பேர் காக்களூர் யூனிட்டுகளில் கணக்கு பார்க்கும் பெண்கள். அதில் ஒரு அக்காவோடுதான் எனக்கு ஒட்டுதல். ஸ்பிரிங் செய்யும் ஒரு யூனிட்டில் வேலை. மணவூரில் இறங்குவார். அவர் கணவருக்கு நைட் ஷிப்ட். கம்பெனி பஸ் வந்து அவரை அள்ளிக்கொண்டு போவதற்குள் அக்கா வீடு போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் சின்னப் பெண் வீட்டில் தனியாக இருப்பாள். கணவன் மனைவி இருவரும் வாசலில் பார்த்துக்கொள்வதுதான் அந்தக் குடும்பத்தின் ஷிப்ட் மாற்றம். அக்கா அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவரிடம்தான் நான் ஒருநாள் எங்கள் சாயங்காலத் தலைவலியைச் சொன்னேன்.

"இதுல இன்னாம்மா கீது? எல்லாருக்கும் இதே டிரெய்னு. எல்லாரும் கெளம்பறதுக்கு முன்னால பென் டிரைவ்ல பேக்கப் அமுக்கறோம்" என்றார்.

பட்டென்று உறைத்தது. டேட்டா எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, தினமும் நாங்களே நகல் எடுக்கிறோம் என்று எத்தனை சொன்னாலும் இந்தப் பக்கத்து முதலாளிகள் காதில் ஏறாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதை அவர்கள் கணக்கு என்றே ஒப்புக்கொள்வதில்லை. அன்றைய கணக்கு சாயங்காலம் பென் டிரைவில் இறங்கி, அவர்கள் சட்டைப் பைக்குள் போனால்தான் அவர்களுக்கு அன்றைய நாள் முடியும். வீட்டுக்குக் கொண்டுபோய் சாமி படத்துக்கு முன்னால் வைக்கிறவர்களும் உண்டு. காப்பி இறங்கும் வரை கணக்கு பார்க்கும் பெண் உட்கார்ந்திருக்க வேண்டும். இறங்கியதும் மெயின் சுவிட்சை அணைத்து ஷட்டரை இழுத்துவிடுவார்கள். எஸ்டேட் முழுக்க எல்லா வி.எம்.மும் ஒரே நேரத்தில் டிஸ்க்கின் மேல் விழுந்தது அதனால்தான். அரக்கோணம் லோக்கல் லேட் என்று அறிவிப்பு வந்த நாட்களில் எங்கள் சர்வரும் நிதானமாக இருந்திருக்கிறது. நாங்கள்தான் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு நானும் என் பார்ட்னரும் மாடியில் தரையில் உட்கார்ந்து லிமிட் போட ஆரம்பித்தோம். என் வாழ்க்கையில் நான் மனதார சந்தோஷமாகச் செய்த வேலை அது. முதலில், ஒரு நொடியில் ஒரு வி.எம். இத்தனை முறைதான் டிஸ்க்கைத் தொடலாம் என்று எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தோம். அது போதவில்லை. கணக்கு சாப்ட்வேர் பொடிப்பொடியாக நிறைய முறை எழுதும். சில யூனிட்டுகளின் கேமரா ரெக்கார்டிங் எண்ணிக்கையில் கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் மூட்டை மூட்டையாக இறக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கேமரா நல்ல பிள்ளையாகத் தெரியும். அதனால் அளவுக்கும் தனியாக ஒரு வரம்பு வைத்தோம். ரொம்ப இறுக்கினால் உள்ளே இருக்கும் வி.எம். தன் டிஸ்க் செத்துவிட்டதென்று முடிவு கட்டி, எழுதுவதையே நிறுத்திக்கொண்டது. அதையும் பட்டுத்தான் கற்றோம்.

கடைசியில் வந்து நின்ற ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு வி.எம்.முக்கும் ஓர் அடிப்பங்கு. யார் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அடுத்தவரின் அடிப்பங்கில் கை வைக்க முடியாது. அதற்கு மேல் ஓர் உச்சவரம்பு. பகலில் பயன்படுத்தாமல் விட்டது கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். சாயங்காலம் பேக்கப் அமுக்கும்போது அந்தச் சேமிப்பைச் செலவழித்து உச்சவரம்பையும் தாண்டிக் கொஞ்ச நேரம் ஓடலாம். பகலெல்லாம் சும்மா இருந்தவர்களுக்கு ரயிலுக்கு முந்தைய கால் மணியில் கொடுக்கும் மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் செய்தோம். ஏதாவது ஒரு வி.எம். விழுந்துவிட்டால் அதைச் சீக்கிரம் தூக்கி நிறுத்த வேண்டும். அப்போது மட்டும் அதற்கு எல்லா வரம்பையும் எடுத்துவிட்டு, மற்றவர்களின் அடிப்பங்கிலிருந்தும் எடுத்துக்கொள்ள ஒரு வழி வைத்தோம். அவசரக் கதவு என்று பெயர் வைத்தது அவன். வேலை முடிந்ததும் கையால் மூட வேண்டும். அதன் பாஸ்வேர்டு எங்கள் இருவரிடம் மட்டும் இருந்தது. எங்கள் சுவரில் ஒரு தாளும் ஒட்டினோம், எழுதியவனும் அவன்தான்: சராசரியைப் பார்த்து ஏமாறாதே. நாள் முழுக்கச் சராசரி போட்டால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும், அந்தக் கால் மணி நேரம் அதில் காணாமல் போய்விடும்.

லிமிட் போட்ட முதல் வாரமே அக்கா ரயிலில் எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். பேக்கப் அமுக்கிவிட்டுப் பையை எடுத்து, தலையை வாரி முடிப்பதற்குள் இறங்கிவிடுகிறதாம். இது இப்படியே இருக்குமா, நாளைக்குப் பெரிய கம்பெனி ஏதாவது வந்தால் எங்களைத் தள்ளிவிடுவீர்களா என்று கேட்டார். உங்கள் பங்கை யாரும் தொட முடியாது, அப்படித்தான் கட்டியிருக்கிறோம் என்றேன். என் பார்ட்னரைப் பற்றியும் கேட்பார். அவனைப் புகழ எனக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? வேலையில் கொஞ்சம் சோம்பேறி, சாப்பாட்டு ராமன், ஆனால் வாயில் பொய் வராது என்பேன். ஒரு முறையல்ல, போகும்போதும் வரும்போதும் சொல்லியிருக்கிறேன்.

பெரிய கம்பெனி வந்தது. கும்மிடிப்பூண்டியில் ஒரு ஸ்டீல் ஆலை. கேட், எடைமேடை, யார்டு எல்லா இடத்துக் கேமரா பதிவும் எங்கள் சர்வரில் சேர வேண்டும். அதற்கென்றே தனி லைன் போட்டுக்கொண்டார்கள். அவன்தான் பேசி முடித்தான். அங்கே நின்று வேலை பார்க்க என்னை அனுப்பினான். கடம்பத்தூரிலிருந்து தினமும் போய்வர முடியாது. பொன்னேரியில் ஒரு தோழி வீட்டில் தங்கிக்கொண்டு, சில மாதம் அந்தப் பக்கத்து ரயிலில் போய்வந்தேன்.

ஆரம்பத்தில் கேமராப் படம் விட்டு விட்டு வந்தது. லாரி எடைமேடையில் ஏறும், அடுத்த காட்சியில் காணாமல் போயிருக்கும். ஆலையின் மேனேஜர் என்னை வறுத்தெடுத்தார். நான் அவனுக்குப் போன் செய்து, கேமரா இறக்கும் மூட்டை அளவு வரம்பில் இடிக்கிறது, இந்த ஆலைக்கென்று தனி டிஸ்க் போட்டால்தான் ஆகும், இருப்பதில் பங்கு போட முடியாது என்றேன். இரண்டு நாளில் பதில் வந்தது.

"புது டிஸ்க் போட்டாச்சுபா. நீ டென்ஷன் ஆவாத, அங்க வேலைய பாரு."

அன்றிலிருந்து படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மேனேஜர் எனக்கு டீ வரவழைத்தார். எங்கள் லிமிட் இவ்வளவு பெரிய ஆலையையும் தாங்குகிறது பார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் பொன்னேரி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவனை வாய்விட்டுப் பாராட்டி மெசேஜ் அனுப்பினேன். அவன் கை கூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினான். அந்தப் பொம்மையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வேலை முடிந்து திரும்பி வந்த அன்று, பழையபடி அரக்கோணம் லோக்கலில் ஏறினேன். அக்கா இல்லை. மறுநாளும் இல்லை. உடம்பு சரியில்லையா என்று கூட இருந்த பெண்களைக் கேட்டேன். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்றார்கள். ஏன் என்று கேட்டேன். வழக்கமாக எனக்கு இடம் போட்டு வைப்பவர்கள், அன்றைக்கு ஏனோ போனைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த நாள் மதியம் ஸ்பிரிங் யூனிட்டுக்கு நேராகவே போனேன். முதலாளி எழுந்து நின்று வரவேற்றார். உட்காருங்க மேடம் என்று ஃபேனை என் பக்கம் திருப்பினார். நான் கேட்பதற்கு முன்பே அவரே ஆரம்பித்தார்.

"நீங்க மட்டும் செக் பண்ணி சொல்லலன்னா எனுக்குத் தெரிஞ்சே இருக்காது மேடம். அந்தம்மா டிரெய்னுக்கு ஓட்றதுக்காக பென் டிரைவ பாதியில புடுங்கிக்கினு போயிருக்குது. சர்வர் மேல பழி."

நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன்.

அவர் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் கதை இப்படி. சில மாதமாக அக்கா தினமும், பேக்கப் இறங்க மாட்டேன் என்கிறது என்று சொல்லி வந்திருக்கிறார். முதலாளி எங்கள் ஆபீஸுக்குப் போன் செய்திருக்கிறார். என் பார்ட்னர் நேரில் வந்து, லேப்டாப்பில் நாள் முழுக்கச் சராசரி போட்ட கிராஃப் ஒன்றைக் காட்டி, சர்வர் சூப்பராக இருக்கிறது என்றிருக்கிறான். இதைக் கட்டியதே எங்கள் மேடம்தான், அவர்களே உட்கார்ந்து பார்த்துவிட்டார்கள், உங்கள் ஸ்டாஃப்தான் அவசரத்தில் பாதியில் பிடுங்குகிறார் என்று அவர்கள் சொல்லச் சொன்னார்கள், என்று அக்காவை நிற்க வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு அக்கா வாயே திறக்கவில்லை. காப்பி இறங்கும் வரை உட்கார்ந்திருந்து, ரயிலை விட்டுவிட்டு, அடுத்ததில் போயிருக்கிறார். ஒருநாள் சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல். அன்றைக்கு மட்டும் பாதியில் பிடுங்கிக் கொடுத்துவிட்டு ஓடியிருக்கிறார். முதலாளி மறுநாள் காலை ஆடிட்டரிடம் கொண்டுபோனது அந்தப் பென் டிரைவை. அது திறக்கவே இல்லை. ஆடிட்டர் முன்னால் மானம் போச்சு என்று வந்தவர் அன்றே அக்காவை நிறுத்திவிட்டார். கணக்கு எங்கேயும் போகவில்லை, எங்கள் சர்வரில் ஒரு வரி பிசகாமல் அப்படியே இருந்தது. ஆனால் அவருக்குக் கையில் இருப்பதுதானே கணக்கு.

ஒரு பேக்கப் போட்டுக் காட்டச் சொன்னேன், சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மதியம் கடகடவென்று இறங்கியது. ரயிலுக்கு முந்தைய கால் மணியில் அமுக்கினால், பச்சைக் கோடு நகர்வதாகவே தெரியவில்லை. புதிதாக வந்திருந்த கணக்குக்காரர் பைக் வைத்திருந்தார். அவருக்கு ரயில் கிடையாது. அவர் பாட்டுக்கு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிப்பங்கு என்று ஒன்று இருந்தால் இப்படி நிற்கவே நிற்காது. அதைக் கட்டியவள் நான், எனக்குத் தெரியாதா?

அங்கிருந்து எங்கள் மாடிக்கு நடந்து போகக் கொஞ்ச தூரம்தான். அவன் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் நேராக சர்வர் ரேக்கைத் திறந்து பார்த்தேன். புது டிஸ்க் எதுவும் இல்லை, நான் போகும்போது இருந்தவைதான். திரையில் பார்த்தால், அவசரக் கதவு ஸ்டீல் ஆலைக்குத் திறந்து கிடந்தது. நான் போன் செய்த அந்த வாரத்திலிருந்து அது மூடப்படவே இல்லை. கேமராக்கள் ஓய்வதில்லை. யூனிட்டுகளின் அடிப்பங்கும் பகல் சேமிப்பும் அங்கேதான் போயிருந்தன. எடைமேடையில் லாரி வழுக்கிக்கொண்டு ஏறியது அக்காவின் கால் மணி நேரத்தில்தான்.

கேட்டேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகவே பதில் சொன்னான். ஆலைக்காரர்கள் கைவிட்டுப் போயிருப்பார்களாம். புது டிஸ்க் வரும்வரைக்கும் என்றுதான் திறந்தானாம், பிறகு அப்படியே விட்டுப்போயிற்றாம். சின்ன யூனிட்டுக்காரர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள் என்றான். இதையெல்லாம்கூட நான் சகித்திருப்பேன். தொழில் என்றால் யாராவது ஒருவர் இப்படி ஒருநாள் தவறுவார்கள், சண்டை போட்டு மூடியிருப்பேன். என் பெயர் ஏன் அதில் வந்தது என்று கேட்டேன்.

"நான் சொன்னா நம்ப மாட்டாங்கபா. நீ சொன்னன்னாதான் நம்புவாங்க. உனுக்கு அந்த மருவாதி கீது, நான் இன்னா பண்றது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையும் சேர்ந்துகொண்டது. அதை அவன் பார்த்ததுதான் இன்னும் அவமானம். இத்தனை வருடம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன், என் பெயரை எடுத்து ஒரு பெண்ணின் வேலையைப் பறித்துவிட்டு, அதை எனக்குச் செய்த பாராட்டு மாதிரி சொல்கிறான். சுவரில் அவன் எழுதி ஒட்டிய தாள் அப்படியே இருந்தது. அதைக் கிழித்து அவன் பஜ்ஜித் தட்டின் மேல் போட்டேன். அவசரக் கதவை மூடினேன், பாஸ்வேர்டை மாற்றினேன். கும்மிடிப்பூண்டியில் கேமராப் படம் மறுபடியும் விட்டு விட்டு வந்திருக்கும். அந்த மாதமே அவன் ஆலையைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போனான். சென்னைப் பக்கம் எங்கோ ஆபீஸ் போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள்.

ஸ்பிரிங் முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். தப்பு எங்கள் சர்வரில்தான், அந்த அம்மா சொன்னது முழுக்க உண்மை என்று இரண்டு தடவை சொன்னேன். சரி மேடம், ஆனா ஆள் போட்டாச்சே என்றார். பழைய ஆளைத் திரும்பக் கூப்பிட்டால் மற்ற வேலைக்காரர்கள் முன்னால் தனக்கு என்ன மரியாதை என்றும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மணவூர் போனேன். ஸ்டேஷனில் இறங்கி விசாரித்துக்கொண்டே வீட்டைக் கண்டுபிடித்தேன். அத்தனை வருடம் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தும் அதுவரை அந்த வீட்டுக்கு நான் போனதில்லை. அக்கா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வா என்றார், வழக்கமான சிரிப்பு இல்லை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங்கில் நிற்கிறாராம். நாளெல்லாம் நின்றபடி வேலை, கால் வீங்கியிருந்தது. சின்னப் பெண் என்னை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவசரக் கதவு, வராத டிஸ்க், சராசரி கிராஃப், நான் சொல்லாததை நான் சொன்னதாகச் சொன்னது எல்லாம். நான் கும்மிடிப்பூண்டியில் இருந்தேன், உங்கள் கம்ப்யூட்டரை நான் பார்க்கவே இல்லை என்றேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். பேக்கப் மெதுவானது தன்னால் இல்லை என்பதை மட்டும் ஒருமுறை திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு உள்ளே போய் எனக்குக் காபி கொண்டுவந்தார்.

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. என்மேலும் கோபம் இருந்தது, அவர்மேலும் இருந்தது. ரயிலில் இத்தனை நாள் பழகியிருக்கிறோம், ஒரு போன் போட்டு நீ இப்படிச் சொன்னாயா என்று கேட்டிருக்கலாமே, எப்படி அதை அப்படியே நம்பினீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

அக்கா டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"உன் பார்ட்னரு சொன்னாரும்மா. அவுரு வாயில பொய்யே வராதுன்னு நீதான எத்தினி தபா என்னாண்ட சொல்லிக்கீறே."